புள்ளி மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

சுவிற்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் நடந்த 2025 உலக ஸ்னோபோர்ட் (ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் விளையாட்டு) சம்பியன்ஷிப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியில் பெயர், நாடு, புள்ளி மூன்றும்தான் இருந்தன. பனியே பார்க்காத யாழ்ப்பாணத்துக்கு இது போதும் என்று நினைத்தீர்களோ தெரியவில்லை. ஆனால் இங்கே சுவிஸில் உறவினர் இல்லாத வீடுகள் குறைவு, அங்குள்ள பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள், என் மருமகனும் அதில் ஒருவன். அவன் போனில் விளக்கிய பிறகுதான் அந்தப் போட்டிகளில் வரும் ஹாஃப்பைப் என்பது பாதி வெட்டிய குழாய் போன்ற பனிப்பள்ளம் என்றும், அதன் இரு சுவர்களிலும் ஏறித் தாவிச் சுழல்வதற்கு நடுவர்கள் 100க்குப் புள்ளி போடுகிறார்கள் என்றும், இருவர் அருகருகே கொடிகளைச் சுற்றி இறங்கும் பரலல் ஸ்லாலமில் முந்துபவர்தான் வெற்றி என்றும் எனக்குப் புரிந்தது.

ஜப்பானின் நகானோவில் 1998இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு இது. கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் கொடுங்கள், சரி. ஆனால் இந்த மாதிரிச் செய்திகளுக்குக் கீழே விதிகளை நாலு வரியில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.