சிறு தேயிலை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பசுந்தேயிலை விலை குறித்து வழக்கம்போல் மனு கொடுத்தோம். வழக்கம்போல் பதில் இல்லை. அதை அத்துடன் விடுகிறேன்.

கோத்தகிரி வட்டாரத்தில் கரடியும் காட்டுமாடும் வராத தெரு அரிதாகிவிட்டது. எனவே சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, விலங்குகளையும் அவற்றின் தடங்களையும் இனங்காணும் பயிற்சியை நடத்தினோம். ஓய்வுபெற்ற வனக் காப்பாளர் ஒருவர் ஊதியம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார். மண்டபத்தில் படம் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நேரே ஓடைக்கரைக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஈரமண்ணில் இருந்த ஒரு தடத்தைப் பார்த்து, சிறுத்தை என்று நம்மவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். அவர் குனிந்து, நான்கு விரல்களுக்கு முன்னால் பதிந்திருந்த நகக்குறிகளைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இது நாய். சிரித்துக்கொண்டே கலைந்தவர்களை நிறுத்தி, இரண்டடி தள்ளி யாரும் கவனிக்காத இன்னொரு தடத்தைக் காட்டினார். வெறுங்காலோடு ஆள் நடந்ததுபோல அகன்ற பாதம்; ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில்; அவற்றுக்கு முன்னால் நீண்ட நகங்கள் குத்திய குழிகள். கரடி. தடத்தின் விளிம்பு இன்னும் காயவில்லை. அன்று கொழுந்து பறிப்பை மேல்தோட்டத்துக்கு மாற்றினோம்.

கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. திடீரென்று அருகில் ஆளைக் கண்டால் பாய்ந்துவிடும். முகத்தையும் தலையையும்தான் தாக்கும். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் உரக்கப் பேசிக்கொண்டே போகவும். எண்ணெயைக் குடிக்கக் கரடி வரும் என்பதால், கோயில் விளக்குகளில் அதை இரவில் மிச்சம் வைக்க வேண்டாம் என்று பூசாரிகளிடமும் சொல்லியிருக்கிறோம்.

காட்டுமாட்டை அடையாளம் காண நமக்குப் பயிற்சி தேவையில்லை. அதன் மனநிலையை அறியத்தான் தேவை. தனித்து நிற்கும் ஆண் பக்கவாட்டில் திரும்பினால், போகப்போகிறது என்று நினைத்துப் பலர் நெருங்குகிறார்கள். உண்மையில் அது தன் உருவத்தைக் காட்டி மிரட்டுகிறது. ஆயிரம் கிலோவைத் தொடக்கூடிய உடம்பு அது. கைபேசியுடன் பின்னால் ஓடும் சுற்றுலாப் பயணிகளுக்கு இதை யார் சொல்வது என்று தெரியவில்லை.

பலாப்பழம் தேடி யானைகள் வரும் காலத்தில், மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை வழியாக இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் கவனிக்கவும்: கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்த கறையுடன் ஆண் யானை நின்றால், வந்த வழியே திரும்புங்கள். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, இருமடங்காக்கினால் அதன் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பயிற்சியில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். அளவு தெரியாத படங்கள் சங்கத்துக்கு நிறைய வந்துவிட்டன, எதற்கும் பயன்படவில்லை. தெருவிளக்குக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பயிற்சிக்கான செலவு தேநீரும் ஜீப் வாடகையும் மட்டுமே. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும்.

செயலாளர்