மதிய உணவுக்கும் அகவிலைப்படி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலத்திட்டச் செலவு வளர்ச்சிக்குத் துணையா, சுமையா என்ற விவாதம் பட்ஜெட்தோறும் நடக்கிறது. ஒதுக்கீடு கூடியதா, குறைந்ததா என்பதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. யாரும் வெட்டாமலே ஒரு திட்டம் தேய்ந்துபோவதை ஒன்றிய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் பார்க்கலாம். 2021இல் இதற்குப் பிரதமர் போஷண் என்று பெயர் மாற்றினார்கள்.

அரிசியோ கோதுமையோ இந்திய உணவுக் கழகத்திலிருந்து விலையில்லாமல் வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்குமாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. இது 2025 மே முதல் உள்ள வீதம். பெரும்பாலான மாநிலங்களில் இதில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநிலமும் ஏற்கின்றன. தலைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது விதி.

50 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்குக் கிடைப்பது 339 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 150 என்றால் 1 கிலோவுக்கு 150. காய் கிலோ 40 என்றால் இரண்டரை கிலோவுக்கு 100. எண்ணெய் கிலோ 160 என்றால் கால் கிலோவுக்கு 40. மிச்சம் 49 ரூபாயில் புளி, மிளகாய், உப்பு, கேஸ் எல்லாம் அடங்க வேண்டும். பருப்பு 180 ஆனால் மிச்சம் 19. கூடவே தக்காளி, வெங்காயம் ஏறிக் காயின் சராசரி விலை 60ஐத் தொட்டால் 31 ரூபாய் துண்டு விழும். அடுப்புக்கு இன்னும் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை!

அப்போது முதலில் அடிபடுவது பருப்பு. அரிசியைக் குறைத்தால் பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்று கேட்பார்கள். பருப்பைக் குறைத்தால் சாம்பார் தண்ணீராக ஓடும், அவ்வளவுதான். பதிவேட்டில் அன்றும் 50 பேர் சாப்பிட்டதாகவே இருக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் விதிப்படி தர வேண்டிய 12 கிராம் புரதத்தில் அரிசி தருவது சுமார் 7. மீதியில் பெரும்பகுதி பருப்பிலிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருப்பதால் இங்கே அடி அவ்வளவு தெரிவதில்லை. முட்டை இல்லாத பல மாநிலங்களில் அந்த ஓட்டையை அடைப்பது கடினம்.

தொடக்கப் பள்ளி வீதம் 2020 ஏப்ரலில் 4.97 ரூபாய். அடுத்த உயர்வு 2022 அக்டோபரில், 5.45. அதற்கடுத்தது 2024 டிசம்பரில், 6.19. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் விலைவாசி ஏற, வீதம் அப்படியே நின்றது. உயர்த்திய பிறகும் பணம் நேரத்துக்கு வர வேண்டும். கேரளத்தில் தலைமையாசிரியர்கள் கைப்பணம் போட்டும் கடன் சொல்லியும் சமைக்க வேண்டியிருந்ததால் 2023இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

சமைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 10 மாதத்துக்கு மட்டும். 2009இல் வைத்த தொகை, இன்றும் அதே. பல மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதலாகத் தருகின்றன. அதனால் ஒன்றிய அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஊர்ப்புறப் பெண்களான இவர்கள் கையில் சேரும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஊர் மளிகைக் கடைக்கே போகும். செலவு வளர்ச்சிக்கு உதவுகிறதா என்று கேட்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

நீண்ட காலப் பலனுக்கும் சான்று இருக்கிறது. சிறுவயதில் பள்ளி உணவு கிடைத்த பெண்களின் குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறைபாடு குறைவாக இருப்பதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பருப்பு 'வருவாய்ச் செலவு', அதாவது சொத்து எதையும் உருவாக்காத அன்றாடச் செலவு, என்ற தலைப்பில் ஏறுகிறது, பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னால் கை அங்கேயும் போகிறது.

அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது, அது நியாயமானது. அதே இரண்டு மாதங்களில், கிராமத் தொழிலாளர் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தை அளக்கும் குறியீட்டின்படி மதிய உணவு வீதமும் தானாகவே உயர வேண்டும். சமையலர் மதிப்பூதியத்தையும் அந்த ஆணையிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்