வாடி அண்ணாவுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

வெள்ளம் நின்ற அந்த மூன்று நாளையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. திருகோணமலையில் இருந்த எல்லோரும் கண்ணால் கண்டதுதான். தண்ணீர் வடிந்தபோது பெருந்தெரு, வில்லூன்றி, திருக்கடலூர்க் குடும்பங்கள் எங்களை நம்பித் தந்திருந்த 17 பெட்டிப் பழைய குடும்பக் கடதாசியும் ஊறிப்போய்க் கிடந்தன. இன்றைக்கு அதில் 15 பெட்டி காய்ந்து, அடுக்கி, மேலே பெயர் எழுதி இருக்கின்றன. இன்னும் பிந்தவிடாமல் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி திருக்கடலூரில் மீன் வாடி (மீன் வாங்கி விற்கும் கொட்டில்) வைத்திருக்கும் அண்ணாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் வெக்கைக்கு, நனைந்த கடதாசியில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். 17 பெட்டியை அதற்குள் தாள் தாளாக விரித்துக் காயவைக்க முடியாது. மிச்சமிருந்த ஒரே வழி உறையவைப்பது. கழித்தல் 18 பாகை செல்சியசில் பூஞ்சணம் வளராது, மை பரவாது, ஒட்டப்பார்க்கும் பக்கங்களும் அந்த நிலையிலேயே நிற்கும். பிறகு நாலைந்தாக எடுத்து ஆறுதலாகக் காயவைக்கலாம். அவ்வளவு பெரிய பிரீசர் ஊரில் மீன்காரரிடம்தான் இருக்கும்.

ஒரு பெட்டிக்காவது இடம் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனது. "எத்தினை பெட்டி வரும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், உள்ளே இருந்த மீனையெல்லாம் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளுக்கு மாற்றி, ஐஸ் போட்டு, அன்றைக்கே வந்த விலைக்குக் கொடுத்து முடித்தார். இரண்டு பிரீசரையும் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்து, துடைத்து, மூடியைத் திறந்து காற்றாட விட்டுத் திரும்ப ஓடவிட்டார். கடதாசியில் மீன் மணம் ஏறக்கூடாது என்று அவராகவே யோசித்துச் செய்த வேலை அது. வள்ளங்கள் மறுபடி கடலுக்கு இறங்கிய கிழமை வேறு. அந்தக் கிழமையில் பிரீசர் இல்லாமல் வாடி நடத்துவது என்றால் என்னவென்று தொழில் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

பொதி கட்டும்போதும் கூடவே நின்றார். ஒரு பொதி நாலு விரல் தடிப்புக்கு மேல் போகக்கூடாது, போனால் நடுப்பகுதி உறைய நேரமெடுக்கும். பொதிக்குப் பொதி எண்ணெய்த் தாள் சுற்றி, இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, புத்தகமென்றால் முதுகுப்புறம் கீழே வரும்படி அடுக்கவேண்டும். சேறு பட்டதை முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், தேய்க்கக் கூடாது. மின்சாரம் நின்ற இரவில் "நிரம்பின பிரீசர் திறக்காட்டி ரெண்டு நாள் நிக்கும்" என்று சொல்லி, மூடியை நைலோன் கயிற்றால் கட்டி, பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். மீனுக்குத் தெரிந்த கணக்கு கடதாசிக்கும் அச்சொட்டாகப் பொருந்தியது.

காணி உறுதிகளை (காணிப் பத்திரங்களை) ஏன் கடைசியில் எடுத்தீர்கள் என்று சிலருக்கு மனவருத்தம். உறுதியின் மூலம் உங்களிடம் இருந்தாலும், ஒரு பிரதி காணிப் பதிவகத்திலும் இன்னொன்று உறுதி எழுதிய நொத்தாரிசிடமும் (நோட்டரி) இருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் பிரதி எடுக்கலாம். பிறப்பு, விவாக, இறப்புப் பத்திரங்களுக்கும் பிரதேச செயலகத்தில் பதிவேடு இருக்கிறது. இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கும், சாதகக் குறிப்புக்கும், அம்மம்மா கொப்பியில் எழுதிவைத்த வம்சாவழிக்கும் எந்தக் கந்தோரில் பிரதி கேட்பது? அதனால் அவற்றைத்தான் முதலில் தூக்கினோம்.

அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் இந்தக் கல்வெட்டுகள்தான் அதிகம் பயமுறுத்தின. பெரும்பாலும் மினுமினுப்பான ஆட் தாள். அதன் மேற்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். பக்கம் பிரிக்காமல் காயவிட்டால் முழுப் புத்தகமும் ஒரே பலகையாக இறுகும், பிறகு பிரிக்கவே முடியாது. அப்படி இறுகப்போன ஒன்று, 24 பக்கம், அண்ணாவின் பிரீசரில் ஒன்பது நாள் இருந்தது. ஓர் இரவு பொலித்தீனுக்குள்ளேயே இளகவிட்டோம். துருவேறிய இரண்டு கம்பியையும் இழுக்காமல் நறுக்கி எடுத்தோம். ஈரமான பிளாஸ்டிக் தாளை மேல் பக்கத்தில் வைத்து மெல்ல நீவினால் பக்கம் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். அப்படியே கவிழ்த்து வெள்ளைத் துணியில் இறக்கவேண்டும். அட்டைப் படத்தில் முகம் கரைந்துவிட்டது. உள்ளே, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா ஓர் எழுத்தும் அழியாமல் வந்தது: தாரண வருடம், மார்கழி, பூரணை. அது 2004 சுனாமி நாள் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் கடல் விட்டுவைத்த கடதாசி வேறொன்றும் கிடையாது. பின்பக்கத்தில் நாலு தலைமுறைப் பெயர்கள், பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எல்லாம் இருந்தன. பிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. அச்சடிக்காத பத்திரிகைத் தாளைக் கட்டுக்கட்டாகத் தந்த அச்சகத்தார், பழைய பருத்திச் சேலையும் வேட்டியும் கொண்டுவந்த அம்மாமார், சோனகவாடியிலிருந்து ஆறு மின்விசிறி தூக்கிவந்த நானாமார் (முஸ்லிம் அண்ணன்மார்) (விசிறியை நேரே பிடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பவேண்டும், நேரே பிடித்தால் தாள் சுருளும்), நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒற்றுத்தாள் மாற்றிய பாடசாலைப் பிள்ளைகள், தங்கள் வீட்டுக் கல்வெட்டுப் பிரதிகளைப் படம்பிடித்து அனுப்பிய டொரண்டோ, இலண்டன் உறவுகள், எல்லோருக்கும் நன்றி.

காய்ந்தவற்றை வாங்கிப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சாதகத்தில் உள்ள வருடப் பெயரை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது, சித்திரையில்தான் வருடம் பிறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். விஷு வருடம் 1941 சித்திரையில் தொடங்கியது. ஆகவே யப்பான்காரன் குண்டுபோட்ட 1942 ஏப்ரல் 9 விஷு பங்குனியில்தான் வரும். "விஷு என்றால் 1941" என்று எழுதி ஒரு வருடம் பிசகிய குறிப்புகள் எங்கள் கொப்பிகளிலேயே உண்டு, திருத்திக்கொண்டிருக்கிறோம். மற்றது, 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த பிறப்புப் பத்திரப் படிவத்தில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைக்கும்.

பத்திரங்களை லமினேட் பண்ணாதீர்கள். விளிம்பால் நீர் புகுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அவியும்.

இனி ஒரு கடதாசியும் ஒரே இடத்தில் இருக்காது. வாங்கும் அன்றே படம்பிடித்து, ஒரு பிரதி ஊரிலும், ஒன்று வேறு மாவட்டத்திலும், ஒன்று கடல் கடந்தும் வைப்போம். பெட்டிகள் இனி நிலத்தில் இருக்கமாட்டா. இது கோணேசர் பேரில் சொல்கிற வாக்கு.

அண்ணா, உங்கள் பிரீசரில் இன்னும் இரண்டு பெட்டி கிடக்கிறது. மேலே இருப்பது வில்லூன்றிப் பெட்டி, அதை வருகிற புதன் எடுக்கிறோம். அடியில் உள்ளதில் சாதகக் கொப்பிகள், மை மிகவும் இளகியவை, அதற்கு இன்னும் பத்து நாள் தாருங்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதிவைக்கிறோம்.