சர்க்கரைச் சொம்புப் படம்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. நேற்றிரவு அந்தப் படத்தை என் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். எந்தப் படம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்லத்தான் கூசுகிறது.

2018ஆம் ஆண்டு, மதுரை ஆழ்வார்புரத்து வைகை ஆற்றுமணலில், விடிவதற்கு முன் நான் குனிந்து நின்ற கோலம் இன்னும் என்னை விடவில்லை. கேமரா பிடிக்கத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கற்றுக்குட்டி நான். தங்கக் குதிரையில் அழகர் வருவதற்குள், எடுத்த நான்கு படங்களைக் கைபேசிக்கு மாற்றி, வேறு யாரும் போடுவதற்கு முன் நான் போட்டுவிட வேண்டும் என்ற வெறியில், அந்த நெரிசலில் சிக்னல் கிடைக்காமல் திரையில் சுழன்றுகொண்டிருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாட்டி, சர்க்கரை நிரப்பி மேலே சூடம் ஏற்றிய சொம்பை அழகருக்காக ஏந்தி நின்றிருக்கிறார். யாரோ தோப்பறை என்ற தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் தெறித்துச் சொம்பின் மேலிருந்த சுடர் சாய்ந்தபோது, அது அணையாமலிருக்க உள்ளங்கையைக் குவித்து மறைத்திருக்கிறார். நீங்கள் உங்கள் கேமராவை ஒரே ஒரு முறைதான் அழுத்தினீர்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன்.

“எடுத்துக்கொண்டு போ, ஒளி எங்கிருந்து விழுகிறது என்று பார்” என்று கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தீர்கள். பார்த்தேன். மூன்றாம் நாள் பதிவேற்றினேன். உங்கள் பெயரைப் போடாமல் இல்லை. நீண்ட குறிப்பின் கடைசி வரியில், ‘மேலும்’ என்பதை அழுத்தினால் மட்டுமே தெரிகிற இடத்தில் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து வந்த கல்யாண ஆர்டரைப் பற்றி இங்கே விரிவாக எழுத மாட்டேன். அந்தக் குடும்பத்தாரும் இதைப் படிக்கக்கூடும்.

மன்னித்துவிடுங்கள். ஆனாலும், வேலை சுத்தமாக இருந்தால் ஆள் தானாகத் தேடி வரும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம், மாதம் பிறந்தால் உங்கள் கணக்கில் சம்பளம் விழுந்தது. என் கணக்கிலிருந்து கேமராத் தவணை போனது. பேச்சுக்குப் பேச்சு விவியன் மேயரை இழுப்பீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, ஏறக்குறைய யாருக்குமே காட்டாத அந்தப் பெண்மணியின் பெட்டிகள், கிடங்கு வாடகை பாக்கி விழுந்ததால் 2007இல் சிகாகோவில் ஏலத்துக்குப் போயின. 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. அவருக்குச் சோறு போட்டது பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சம்பளம், அண்ணே. காட்டாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பது உங்களுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

என் கண் கெட்டுப்போனதையும் மறைக்கப்போவதில்லை. கைபேசித் திரை நிறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் நெட்டுவாக்கில், நான்குக்கு ஐந்து அளவில் எடுத்து எடுத்து, வைகையின் அகலமே எனக்கு மறந்துபோயிற்று. தள்ளிக்கொண்டே போகும் விரல் ஒரு நொடி நிற்பதற்காக நிறத்தை ஏற்றினேன், மஞ்சளெல்லாம் ஆரஞ்சாயிற்று. எடுத்த படங்களை ஒரு மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்து, எடுத்த ஆசை தணிந்த பின், யாரோ எடுத்ததைப் போலப் பார்த்துக் கழிப்பீர்களே, அதை நான் நண்பர்களிடம் சோம்பல் என்று கேலி செய்திருக்கிறேன்.

அந்தப் பதிவின் கீழே நீங்கள் எழுதியிருந்தது, “நல்ல படம், தம்பி.” உங்கள் படத்துக்கு நீங்களே! அது பெருந்தன்மையா, ஊசியா என்று இத்தனை வருடங்களாக எனக்கு விளங்கவில்லை. ஊசி என்றால், அதை ஊர் பார்க்கக் குத்தியிருக்க வேண்டாம். வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். பதிவோடு அந்தச் சொற்களும் போய்விட்டன. நீக்குவதற்கு முன் அவற்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உங்கள் கார்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அழகர் இறங்கும் அன்று அதே மணலில் நிற்பேன். வந்தால் கையில் தருகிறேன். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். புதிய கேமராவுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி இருக்கிறது.

உங்கள் தம்பி