செல்வத்துக்கு, டால்டாவைப் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்துக் காட்டியதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மூத்தவனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு நல்லெண்ணெயைக்கூடத் தொடுவதில்லை, சாயங்காலம் டீயோடு பேக்கரி பப்ஸ் மட்டும் விட முடியவில்லை என்று எழுதியிருந்தாய். தலைகீழாகச் செய்கிறாயே என்று மனது கேட்கவில்லை. பப்ஸில் டால்டா இருந்தால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீளமான சங்கிலி. இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் அது வளைந்திருக்கும். வளைந்தவை நெருக்கமாக அடுக்கி நிற்காது, அதனால்தான் எண்ணெய் உறையாமல் இருக்கிறது. நிக்கல் வினையூக்கியோடு, சூடான எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டியாகும். ஆனால் வேலையைப் பாதியில் நிறுத்தும்போது, மிஞ்சிய இரட்டைப் பிணைப்புகளில் பல டிரான்ஸ் என்ற வடிவத்துக்கு மாறி, சங்கிலி நிமிர்ந்துவிடுகிறது. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் இருக்கும் ஒலிக் அமிலம் இப்படித்தான் எலைடிக் அமிலம் ஆகிறது. ஒரு அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் முன்னது சுமார் 13 டிகிரியிலேயே உருகும், பின்னதுக்கு 45 டிகிரி வேண்டும்!

ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த முறையில் கெட்டியாக்கிய வனஸ்பதியான டால்டா 1937இல் நம் ஊருக்கு வந்தது. கெடாது, விலையும் குறைவு. பிஸ்கட், பப்ஸ் எல்லாவற்றிலும் வனஸ்பதி புகுந்தது அதனால்தான்.

1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் இருவரும் ஆட்களுக்கு உணவு கொடுத்துச் சோதித்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலான எல்.டி.எல்.லை ஏற்றி, நல்ல கொலஸ்டிராலான எச்.டி.எல்.லை இறக்கியது. நெய் போன்ற நிறைவுற்ற கொழுப்புகூட இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. அமெரிக்காவில் ஃப்ரெட் கும்மரோ என்ற விஞ்ஞானி 1957லிருந்தே டிரான்ஸ் கொழுப்பைப் பற்றி எச்சரித்து வந்தார். 2013இல், 98 வயதில், அரசின் மீது வழக்குப் போட்டார். 2015இல்தான் தடை முடிவு வந்தது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாக்கெட் பொருளென்றால் லேபிளைப் பார்க்கலாம். பப்ஸில் எந்தக் கொழுப்பைப் போடுகிறார்கள் என்று உன் கடைக்காரரிடம் கேள். சொல்லவில்லையென்றால் வேண்டாம். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும் பஜ்ஜிக் கடையும் வேண்டாம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் அளவாகச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அப்புறம், கல்யாணத்துக்கு வரும்போது ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்து வாடா. எச்.டி.எல். எவ்வளவு என்று சேர்ந்து பார்க்கலாம்.

உன்,
ராமு