மேடை விளக்கும் அரசமைப்பின் 16-வது பிரிவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல், தமிழ்மொழி விழா, தீபாவளி என்று சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் தமிழ் நிகழ்ச்சிகள் வரிசையாக வருகின்றன. ஏற்பாட்டுக் குழுவில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "குத்துவிளக்கு ஏற்றி, விநாயகர் பாட்டுப் பாடித்தான் தொடங்க வேண்டுமா?" "எப்போதும் செய்வதுதானே" என்று இன்னொருவர் சொல்வார். பேச்சு அதோடு நின்றுவிடும். அப்படி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பொதுப்பணத்தில், பொது இடத்தில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சி எல்லாத் தமிழருக்கும் உரியது; அதை ஒரு சமயத்தின் வழிபாடாக்க நமக்கு உரிமையில்லை.

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தில் 'சமயச் சார்பற்ற' என்ற சொல்லே கிடையாது. 1966-ல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் அமைந்த ஆணையம்தான் இது சமயச் சார்பற்ற ஜனநாயக நாடு என்று தன் அறிக்கையில் எழுதியது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்ற மலேசிய ஏற்பாடு இங்கே தேவையில்லை என்றும் அது சொன்னது. 15-வது பிரிவு அந்தச் சிந்தனையில் நிற்கிறது. அவரவர் சமயத்தைப் பின்பற்றலாம், அதன்படி நடக்கலாம், பரப்பவும் செய்யலாம். தனக்குச் சம்பந்தமில்லாத சமயத்துக்கென ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி ஆகியவை பற்றிய பொதுச் சட்டங்களை மட்டும் இந்த உரிமை மீற முடியாது.

இந்த 15-வது பிரிவு நம்மிடையே நன்றாகவே அறிமுகம். தைப்பூசம் வந்தால் போதும், எல்லார் வாயிலும் அதுதான். ஊர்வலப் பாதையில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் இருந்த தடையை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்றம் 2015-ல் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டிலிருந்து பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் மேளதாளத்துக்கு அனுமதி கிடைத்தது. 1964 இனக் கலவரங்களுக்குப் பின், நடந்து செல்லும் சமய ஊர்வலங்கள் பொதுவாகக் கட்டுப்படுத்தப்பட்ட நாட்டில் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கும் இந்துக்களுக்கு விலக்கு இருப்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. நம் உரிமைக்காக 15-ஐக் காட்டும் நாம், அதற்கு அடுத்த பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

16-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தெளிவானது. தன் சமயமல்லாத சமயத்தின் போதனையைப் பெறும்படியோ, அதன் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நான்காம் உட்பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார்கள் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி "உனக்குச் சரிதானே?" என்று கேட்டுவிட்டால் சம்மதம் வாங்கியதாகாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியச் சிங்கப்பூரர்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்துக்கள் 57.3 விழுக்காடு, முஸ்லிம்கள் 23.4, கிறிஸ்தவர்கள் 12.6. தமிழரை மட்டும் தனியே பிரித்த கணக்கு அல்ல இது. ஆனாலும் கண்ணெதிரே சான்று இருக்கிறது. சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலுக்குச் சில அடி தூரத்தில் சோழிய முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. இரண்டும் 1820-களில் நிறுவப்பட்டவை. ஓஃபிர் சாலையின் லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-ல் கட்டப்பட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. கல்வி அமைச்சின் தமிழ்மொழி நிலையமே, நபிகளின் வாழ்வைச் சொல்லும் சீறாப்புராணத்தைப் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இவர்கள் யாரும் தமிழுக்கு விருந்தாளிகள் அல்லர்.

பிழை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, நேரத்தால் வருகிறது. நிகழ்ச்சி நிரல் முதல்நாள் மாலைதான் முடிவாகும். விளக்கேற்ற ஐந்து மாணவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். அதில் ஒரு பெண் முஸ்லிமாக இருப்பாள். கையில் மெழுகுவத்தியைக் கொடுத்தாயிற்று, எதிரே சிறப்பு விருந்தினர், கைப்பேசிகள் எல்லாம் மேடையை நோக்கித் தூக்கியிருக்கின்றன. அந்த நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி மாட்டேன் என்று சொல்லும்? யாரும் உத்தரவு போடவில்லைதான். ஆனால் அங்கே கட்டாயம் நடந்துவிட்டது. பின்னால் பெற்றோர் வந்து கேட்டால் "இது வெறும் கலாசாரம்" என்ற பதில் தயாராக இருக்கும்.

கலாசாரமா சமயமா என்பதை ஏற்பாட்டாளர் முடிவு செய்ய முடியாது. ஒருவருக்கு விளக்கு வெறும் வெளிச்சம். இன்னொருவருக்கு அது திருமகள். பொங்கல் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு நன்றி சொல்லிப் பால் பொங்கவிடுவதில் எத்தனையோ கிறிஸ்தவத் தமிழர்கள் மகிழ்ச்சியோடு கலந்துகொள்கிறார்கள், தேவாலய வளாகத்திலேயே பொங்கல் வைப்பவர்களும் உண்டு. அதே பானைக்கு முன் சூடம் காட்டி, தட்டில் விபூதியை நீட்டும்போது காரியம் வேறாகிவிடுகிறது. கை நீட்டாதவர் ஒதுங்கி நிற்பது எல்லாருக்கும் தெரியும். பாடல்களிலும் இதே வேறுபாடு உண்டு. தேவாரத்தையும் தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் இலக்கியமாகப் படிப்பதும் போட்டியில் ஒப்புவிப்பதும் தமிழ்க் கல்வி. எழுந்து நின்று கைகூப்பிப் பாடச் சொல்வது வழிபாடு.

விளக்கைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டியவை எளியவை. இறைவணக்கம் வேண்டும் என்று குழு விரும்பினால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பாக, வேறு நேரம் குறித்து வைக்கலாம். அழைப்பிதழில் இரண்டு நேரங்களையும் அச்சிட வேண்டும். அப்போதுதான் வர விரும்பாதவர் யாரிடமும் காரணம் சொல்லாமல் பிந்தி வரலாம். அதில் மாணவர் யாருக்கும் பெயர் சொல்லிப் பொறுப்புத் தர வேண்டாம். பிரசாதத்தை உணவு மேசையில் மற்றப் பலகாரங்களோடு கலந்து வைக்காமல், தனி மேசையில் 'பிரசாதம்' என்று எழுதி வைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு தெரியவந்து மனம் நோகிறவர்கள் இருக்கிறார்கள். ஹலால் உணவுக்கு நாம் எடுக்கும் கவனத்தில் பாதி போதும்.

கோவிலுக்குள் நடக்கும் பொங்கலுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே கோவில் முறைதான் முறை, சமய அமைப்புகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள 15-வது பிரிவே இடம் தருகிறது. பள்ளி அப்படியல்ல. மக்கள் கழகம் 1960-ல் அமைந்த அரசாங்க ஆணைபெற்ற கழகம், ஆகவே அதன்கீழ் இயங்கும் சமூக மன்றமும் அப்படியல்ல. இந்து அறக்கட்டளை வாரிய உறுப்பினர்களை அரசாங்கம்தானே நியமிக்கிறது, அப்புறம் அரசுக்கும் சமயத்துக்கும் எங்கே பிரிவினை என்று சிலர் கேட்பதுண்டு. 1968-ல் அமைந்த அந்த வாரியம் நான்கு கோவில்களையும் அவற்றின் சொத்தையும் நிர்வகிக்கிறது. நிர்வாகம் பார்ப்பதும் பொதுமக்களைக் கும்பிடச் சொல்வதும் ஒன்றல்ல.

இதையே சாக்காக வைத்து தேசிய கீதத்துக்கும் பள்ளியில் சொல்லும் நாட்டுப் பற்றுறுதி மொழிக்கும் விலக்குக் கேட்கலாமே என்பார் உண்டு. முடியாது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை சமயச் சடங்குகள் அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. விளக்கு ஏற்ற மறுப்பதையும் கீதத்துக்கு எழ மறுப்பதையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

பள்ளிகளில் சமயத்தைக் கட்டாயமாக வைத்துப் பார்த்த அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. 1984 முதல் உயர்நிலை மூன்று, நான்கில் சமயக் கல்வி கட்டாயப் பாடம். இந்து சமயம், இஸ்லாம், பைபிள், பௌத்தம், கன்ஃபூசிய நெறி என்று தேர்வுகள் இருந்தன. ஒழுக்கம் வளர்க்கவே அது வந்தது. ஆனால் சமய வேறுபாடுகளைக் கூர்மையாக்குகிறது என்ற கவலை எழுந்ததும் 1989-ல் அதன் கட்டாயத்தை நீக்க அரசாங்கம் முடிவெடுத்தது. மறு ஆண்டே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. வகுப்பறையில் அரசாங்கம் கைவிட்ட கட்டாயத்தை நாம் மேடை வழியாகத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த தமிழ்மொழி விழாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாணவர் பங்கேற்புக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் எப்படியும் போகும். மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பி, அதில் இந்தச் சில வரிகளைச் சேர்த்தால் போதும்: "நிகழ்ச்சிக்கு முன் விளக்கேற்றலும் இறைவணக்கமும் நடைபெறும். உங்கள் பிள்ளை அதில் கலந்துகொள்வதை விரும்பாவிட்டால் இங்கே குறியிடுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை."

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தோ பாயோ