தம்பிக்கு: உன் பாகத்துச் சீட்டைப் பிரிச்சு வச்சிருக்கேன்

டேய் தம்பி,

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்க எழுத மாட்டேன். அத்தை இதைப் படிப்பாங்க, உன் வீட்டுலயும் படிப்பாங்க.

வீட்டைக் காலி பண்றப்ப பரண்லேருந்து நாம ஆடுற கேட்டன் சீட்டாட்டப் பொட்டி இறங்குச்சு. அதான் விஷயம். பெரிய பொட்டி என் முதல் சம்பளத்துல வாங்கினது, அதோட சேத்து ஆடுற 'ஏஜ் ஆஃப் டார்க்னஸ்' பொட்டி நீ வாங்கினது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ரப்பர் பேண்ட் மாட்டி வச்ச புண்ணியவான் நீதான். ராத்திரி கூடத்துல பரப்பி வச்சு, பின்பக்கக் குறியப் பாத்துப் பாத்துப் பிரிச்சேன். தங்கக் காலம், கலகக் காலம், முன்னேற்றக் காலம்னு மூணு சீட்டுக்கட்டு எனக்கு. சதி, பெருவணிகர், காட்டுமிராண்டி மூணும் உனக்கு. பாகம் பிரிக்கிறதுல இப்ப எனக்கு நல்ல கை பழகிடுச்சு. எழுதிட்டேன், அழிக்கப் போறதில்ல.

மத்தவங்களுக்காக ரெண்டு வரி: இது ரெண்டே பேர் ஆடுற சீட்டாட்டம். ஆளுக்கு ரெண்டு ஊர், நடுவுல ஒரு ரோடு, சுத்தி ஆறு நிலம். ஒரு நிலத்துல மூணு சரக்குக்கு மேல நிக்காது, சீட்டைத் திருப்பித் திருப்பித்தான் கணக்கு வைக்கணும். முதல் ஆட்டத்துல ஏழு பாயின்ட் எடுத்தவங்க ஜெயிச்சாங்க.

அப்பா இருந்தப்ப நாம ஆடின அந்த ராத்திரி ஆளுக்கு ஆறு பாயின்ட். கரண்ட் போயிருந்துது, எமர்ஜென்சி லைட்ல ஆடினோம். அப்பா கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்துட்டிருந்தார். என்கிட்ட ஒன்பது சரக்கு, அதுல தங்கம் மூணு, கம்பளி ரெண்டு. உன்கிட்ட ஏழு. நீ பிரிகிட்டாங்கிற சீட்ட இறக்கின. அத இறக்கினா, எந்த நிலத்துல சரக்கு வரும்னு சொல்ற விளைச்சல் டைஸ்ல எந்த நம்பர்னு நீயே சொல்லிக்கலாம், தாது வர்ற மலை நம்பரச் சொன்ன. என்ன நடக்கும்னு சொல்ற நிகழ்ச்சி டைஸ உருட்டித்தானே ஆகணும்? உருட்டின. கொள்ளைக்காரன்.

ஏழுக்கு மேல வச்சிருந்தா தங்கம், கம்பளி மொத்தமும் போச்சு. எனக்குப் போச்சு. உனக்கும் போகணும், தாது வந்தா எட்டாகுதேன்னு நான் கத்தினேன். கொள்ளை முதல்ல, விளைச்சல் அப்புறம்னு நீ ரூல் புக்கத் தூக்கிக் காட்டின. மத்த நிகழ்ச்சிக்கெல்லாம் விளைச்சல்தான் முதல்ல வரும், இது ஒண்ணுக்கு மட்டும் தலைகீழ். மூணாவது தாது வந்துது, தானியம் ரெண்டு ஏற்கெனவே இருந்துது, ஊரைச் சிட்டியாக்கி ஏழாவது பாயின்ட் எடுத்த.

அப்பா என்னைப் பாத்து, "குடோன் கட்டாம எதுக்கும்மா இவ்ளோ சரக்கு சேத்த?"ன்னார். ஹார்பர்ல வேலை பாத்த மனுஷன், வேற என்ன கேப்பார். கேள்வி சரிதான், குடோன் சீட்டு கட்டியிருந்தா அக்கம்பக்கம் ரெண்டு நிலத்து சரக்கு கணக்குலயே வராது. அதோட நிறுத்தியிருக்கலாம். "விட்டுக்குடும்மா, அவன் சின்னவன்"னு ஒரு வார்த்தையும் சேத்தார்.

நீ ரூல்படி ஜெயிச்ச ஆட்டம்டா அது. நான் விட்டுக்குடுத்து நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடுச்சு. உனக்கு அது உறைக்கவே இல்ல, சிரிச்ச. அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்கு எத்தனை தடவை அதே வார்த்தை வந்துதுன்னு... சரி, வேணாம்.

"அப்பா இருக்கிற வரைக்கும்தான் உனக்கு இந்தச் சலுகை"ன்னு அன்னைக்கு நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ. அப்பா காதுல விழற மாதிரி சொல்லியிருக்கக் கூடாது. ஆனா பொய் ஒண்ணும் சொல்லலையே. அப்பா போனப்புறமும் சலுகை உனக்குத்தானே வந்துது.

2023 ஏப்ரல்ல கிளவுஸ் டாய்பர் செத்துட்டார்னு செய்தி படிச்சேன். பல் செட்டு செய்யற வேலை பாத்துக்கிட்டே இந்த கேட்டன் ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச ஆளுன்னு நீதான் எனக்குச் சொல்லிக்குடுத்த. 1996ல வந்த சீட்டாட்டத்தையே 2010ல திருத்தி இப்படி விட்டாங்கன்னும் நீதான் சொன்ன. உனக்கு மெசேஜ் டைப் பண்ணேன். அனுப்பலை. நீ முதல்ல அனுப்புவேன்னு பாத்தேன்.

சளி பிடிச்சா இன்னும் தொண்டை கட்டிக்குதா? மேடவாக்கம் போர்த் தண்ணி உனக்கு ஒத்துக்காதுன்னு அம்மா புலம்பிட்டே இருக்காங்க.

இதோட இன்னொரு பொட்டி, 'ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட்', அடுத்த போனஸ்ல வாங்கறேன்ன. போனஸ் வந்துது, ப்ளாட்டுக்கு அட்வான்ஸ் போச்சு. நான் ஒண்ணும் கேக்கலை.

உன் பாகத்தக் கூரியர்ல அனுப்ப மாட்டேன், வந்து எடுத்துட்டுப் போ. ட்ராஃபிக்னு சொல்லாத, 2021லேருந்து மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓடுது. தண்டையார்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வேணாம், மீன் வாங்க காசிமேட்டுக்குப் போயிடுவேன். வர்றப்ப பிரிகிட்டாவக் கேக்காத. அவ என் பொட்டியில வந்தவ.

அக்கா